வரிதலும் வரிகயிறும்

பருமனான கயிறொன்றை உள்ளே வைத்து, மெல்லிய நூலை அதன்மேல் இடைவெளியின்றி நெருங்கச் சுற்றி, அவ்வாறு சுற்றப்பெற்ற கயிற்றை வளைத்தும் மடித்தும் சுருட்டியும் சிறு அணிப்பொருள்கள் செய்யும் கைவினை இந்நாளில் நகரத்து இல்லங்கள் பலவற்றிற் பயிலப்பெறுகின்றது. சுவரில் தொங்கவிடும் வானவில், இலை வடிவங்கள், சாவிக்கொத்திற்கு உரிய தொங்கல், நீர்க்குவளையை வைக்கும் சிறு வட்டம் என இம்முறையாற் செய்யப்படுவன பல. பொருட்செலவு சிறிது. கருவி என்று சொல்லத்தக்கவை கத்தரிக்கோலும் ஊசியுமே. இத்துணை எளிய கைவினைக்குத் தமிழில் பெயர் யாது என வினவின், விடை எளிதிற் கிடைப்பதில்லை. 1970-களில் மேலைநாடுகளிற் பெரிதும் பரவிய 'மேக்ரமே' என்னும் வேலையின் பெயரையே இதற்கும் வழங்கிவிடுகின்றனர். அது பொருந்தாது. மேக்ரமே முடிச்சுகளால் ஆவது. ஈண்டு யாம் கூறும் வினையிலோ முடிச்சு என்பதே இல்லை.

இக்கைவினை செய்யும் முறையை விளக்குதலும், அதற்குரிய தமிழ்ச்சொல் நம்மிடையே முன்னரே உண்டு எனக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கங்கள். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தற்குக் காரணம் உண்டு. தொழிற்சொற்களின் பொருளை ஏட்டிலிருந்து மட்டும் அறிய முயல்வோர், ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் உள்ள எல்லையைத் தவற விடுகின்றனர். பொருளைக் கையாற் செய்து பார்க்குங்கால் அவ்வெல்லை தானே புலனாகும். நன்னூல் இயற்றிய பவணந்தியார், நூல் என்னும் சொல்லை விளக்கப் புகுந்தவிடத்து, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்தமை யாவரும் அறிந்ததே. நூற்றல் தொழிலை அருகிருந்து கண்டவர்க்கன்றி அவ்வுவமம் தோன்றாது.

நாரும் பஞ்சும் கயிறாகுங்கால் நிகழும் வினைகளைத் தமிழ் தனித்தனிச் சொற்களாற் குறிக்கின்றது. நார்களை உள்ளங்கைகளுக்கிடையிலோ தொடைமீதோ உருட்டி ஒன்றாக்குதல் திரித்தல். அவ்வாறு ஆகியது புரி. பேச்சு வழக்கில் பிரி. இரண்டு மூன்று புரிகளை ஒன்றோடொன்று சேர்த்து, அவை திரிக்கப்பட்ட திசைக்கு எதிர்த்திசையில் இறுக்குதல் முறுக்குதல். ஒவ்வொரு புரியும் தன் திரிப்பை அவிழ்த்துக்கொள்ள முயலும். அம்முயற்சியே மற்றைப் புரியை இறுக்கும். கயிறு அவிழாமல் நிற்பதற்கு இதுவே காரணம். மூன்று கால்களை மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்துதல் பின்னுதல். ஒரு நூலின் கண்ணியுள் அந்நூலையோ பிறிதொரு நூலையோ புகுத்தி இழுத்தல் முடிதல்.

செய்த பொருளை அவிழ்த்துப் பார்ப்பின் இவற்றின் வேற்றுமை நன்கு விளங்கும். முறுக்கிய கயிற்றை அவிழ்த்தால் ஒத்த தன்மையுடைய புரிகள் இரண்டோ மூன்றோ கிடைக்கும். பின்னியதை அவிழ்த்தால் ஒத்த கால்கள் மூன்று கிடைக்கும். அவற்றுள் எதுவும் முழுதும் உள்ளே மறைந்திருந்ததன்று. நம் கைவினைப் பொருளை அவிழ்த்தாலோ இரண்டு வேறு பொருள்கள் வெளிப்படுகின்றன. ஒன்று நேரானது, பருத்தது, கண்ணுக்குத் தெரியாதிருந்தது. மற்றொன்று நெடியது, மெல்லியது, கண்ணுக்குத் தெரிந்தது. வடிவத்தைத் தருவது முன்னது. நிறத்தையும் இறுக்கத்தையும் தருவது பின்னது. திரித்தல், முறுக்குதல், பின்னுதல், முடிதல் என்னும் நான்கனுள் எதுவும் இதற்குப் பெயராகாமை தெளிவு.

'சுற்றுதல்' என்னலாமே எனின், அச்சொல் மிக விரிந்தது. நூலைப் பந்தாகச் சுற்றுதலும் உண்டு. கோயிலைச் சுற்றுதலும் உண்டு. இறுக்கம் என்னும் பண்பு அதனுள் அடங்கவில்லை. 'பொதிதல்' உள்ளே ஒன்று மறைதலைக் காட்டுமேயன்றி, நூலாற் கட்டுதலைக் காட்டாது. இவ்விடத்திலேதான் 'வரிதல்' என்னும் பழைய வினைச்சொல் நமக்குத் துணையாகின்றது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இவ்வினைக்கு எழுதுதல், கட்டுதல் முதலிய பொருள்களைத் தருகின்றது. கட்டுதற் பொருளில் அது இன்றும் வழக்கொழியவில்லை. வேட்டியை வரிந்து கட்டினான் என்கிறோம். சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தான் என்கிறோம். கட்டுதல் என்பதோடு இறுகச் சுற்றி வளைத்தல் என்னும் கருத்தும் இவ்வழக்குகளில் நிற்றல் காண்க. கூரையில் கைமரங்களின் குறுக்கே வைத்துக் கட்டும் மெல்லிய கழிகள் வரிச்சு எனப்படுதலும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

இலக்கியத்தில் இச்சொல் பெரிதும் பயில்வது வில்லைப் பற்றியே. வரிவில், வரிசிலை என்னும் தொடர்களுக்கு உரையாசிரியர்கள் வரிந்த வில் என்றும் கட்டமைந்த வில் என்றும் பொருள் கூறிச் சென்றனர். கோடுகளையுடைய வில், அதனால் அழகுடைய வில் எனப் பொருள் கொள்வாரும் உளர். வரி என்னும் பெயர்ச்சொல் கோட்டைக் குறிக்குமாதலின் அதுவும் சொல்லளவில் இழுக்கன்று. எனினும் வில் செய்வானுடைய நோக்கிலிருந்து இதனை அணுகுதல் நலம். மூங்கில் நீளவாட்டில் மிக்க வலிமையுடையது. ஆனால் அந்நீளவாட்டிலேயே பிளக்கும் இயல்பும் உடையது. வளைத்து நாணேற்றப்படும் மூங்கில் பிளவாதிருக்க வேண்டின், அதனைக் குறுக்காக இறுகக் கட்டுதல் வேண்டும். தோல்வாராலோ நாராலோ நரம்பாலோ நெருங்கச் சுற்றுவதே அதற்கு வழி. அங்ஙனம் சுற்றிய வில்லைக் காண்பான் ஒருவன் கண்ணுக்கு அதன் உடலில் ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் தோன்றும். ஆகவே, வரிந்த வில் என்று உரைத்தவர் செய்தவன் கையைக் கூறினார். கோடுகளையுடைய வில் என்றவர் கண்டவன் கண்ணைக் கூறினார். இரண்டும் ஒரு பொருளையே சுட்டுகின்றன என்பது யாம் துணிந்த முடிபு. மெல்லிய நூலைப் பருத்த கயிற்றின்மேல் ஒரு சாண் அளவு சுற்றிப் பார்ப்பவர் எவரும், வரிதலால் வரி உண்டாதலைத் தம் கையிலேயே காண்பர்.

யாழின் உறுப்பாகிய திவவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. யாழ்க்கோட்டில் நரம்புகளை வலிபெறக் கட்டும் கட்டுகளுக்குத் திவவு என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை அதனை மடந்தையின் முன்கையில் அணிந்த வளைகளோடு ஒப்பிடுகின்றது. இவ்வுவமத்தின் நுட்பம் கோட்டின் வளைவைக் காட்டுவதில் மட்டும் இல்லை. உருண்ட ஒன்றை அடுத்தடுத்துச் சூழ்ந்த வளையங்கள் நெகிழவும் இறுகவும் வல்லன என்பதைக் காட்டுவதிலும் உள்ளது. திவவை நெகிழ்த்தியும் இறுக்கியும் நரம்பின் சுருதியை அமைத்தனர். பர்மிய நாட்டுச் சௌங் என்னும் வில்யாழில், நரம்புகளைத் தண்டில் கட்டுதற்குச் செந்நிறப் பருத்திக் கயிறுகள் மரபாகப் பயன்பட்டு வந்தன. அக்கயிறுகளின் முனைகள் குஞ்சங்களாகத் தொங்கும். பண்டைத் திவவு எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பார்க்கு அது பெரிதும் உதவும். 1947-ல் வெளிவந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூலைக் கற்போரும் இவ்வுறுப்பை ஒருமுறை கையாற் கட்டிப் பார்த்தல் பயனுடைத்து.

மேற்கூறியவாற்றால், இக்கைவினையை வரிதல் என்றும், அதனாற் கிடைக்கும் பொருளை வரிகயிறு என்றும், உள்ளிருப்பதை உட்கயிறு என்றும், மேற்சுற்றுவதை வரிநூல் என்றும் இனி வழங்குவோம்.

நம் இல்லங்களில் இவ்வினை புதிதன்று. அடி உருண்ட மண்பானையைத் தரையில் நிறுத்தும் பிரிமணை, வைக்கோலை வளையமாக்கி வைக்கோற் பிரியால் மேலே இறுகச் சுற்றியதே. தென்பாண்டிக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் பனை ஈர்க்குகளைக் கருவாகத் திரட்டி, சாயமூட்டிய ஓலைக்கீற்றால் அவற்றைச் சுற்றிச் சுற்றித் தைத்து, வட்டப் பெட்டிகளும் மூடிகளும் செய்தனர். சடையின் முடிவில் கட்டும் குஞ்சத்தின் கழுத்து வரிந்ததே. இவற்றினும் வியக்கத்தக்கது சரிகை. மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, பட்டிழை ஒன்றன்மேல் நெருங்கச் சுற்றிப் பொன்முலாம் பூசியது அது. சூரத்து நகரிலிருந்து வந்து காஞ்சிபுரத்துச் சேலையின் கரையில் மின்னும் ஒவ்வோர் இழையும் கண்ணால் எளிதிற் காணவியலாத ஒரு வரிகயிறு. பட்டு வளையும், வெள்ளி ஒளிரும். இரண்டையும் ஒரே இழையிற் பெறுதற்கு வரிதலே வழியாயிற்று. வீணையின் பருத்த தந்திகளைக் கம்பி சுற்றிச் செய்வதும் இதனையொத்த நுட்பமே. தனிக்கம்பியைப் பருக்கச் செய்தால் அது விறைக்கும். மெல்லிய கம்பியின்மேல் வேறொன்றைச் சுற்றினால் விறைப்பு மிகாமல் எடை மிகும்.

இனிச் செய்முறை. உட்கயிற்றிற்குப் பருத்திக் கயிறு சிறந்தது. மூன்று புரியால் முறுக்கப்பெற்று, 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை பருமனுடையதாயின் தொடக்கத்தார் கைக்கு ஏற்கும். தேங்காய்நாரிற் செய்த கயிறு மலிவானது. ஆயினும் அதன் நார்முனைகள் வரிநூலைத் துளைத்து வெளிவரும். அதனைக் கொள்வோர் பழந்துணிக் கீற்றொன்றை முதலில் அதன்மேற் சுற்றிக்கொள்ளுதல் நன்று. சணற்கயிறு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

வரிநூலைத் தேர்வதற்குத் தமிழிசை மரபு நல்லதோர் அளவுகோலைத் தந்துள்ளது. யாழ் நரம்பிற்கு ஆகாத குற்றங்கள் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு. சீவகன் தன்முன் வைத்த யாழ்களை ஆராய்ந்து குற்றம் காட்டி விலக்குவதைச் சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்திற் காணலாம். இசைக்காகக் கூறப்பெற்ற இந்நான்கும் நூலுக்கும் அப்படியே பொருந்துகின்றன. அளவுகடந்து திரித்த நூல் தளர விட்டவிடத்துத் தன்மேலேயே சுருண்டு சிக்கும், அது கொடும்புரி. மேனியில் மெல்லிய பிசிர் எழுந்த நூல் வரிகளைக் கலங்கக் காட்டும், அது மயிர். இழைமுனை விட்டு நிற்பது தும்பு. ஓரிடத்து இறுகியும் ஓரிடத்து நெகிழ்ந்தும் திரிந்தது சுற்றுகளை ஒருபடித்தாக அமையவிடாது. அதனை முறுக்கு என்பதன்பாற் படுத்தலாம். கடையில் நூற்கண்டு வாங்குவோர் ஒரு முழம் இழுத்து, இருமுனையையும் நெருங்கப் பிடித்துப் பார்த்தாலே முதற் குற்றம் தெரிந்துவிடும்.

எவ்வளவு நூல் வேண்டும் என்பது தொடக்கத்தார் அனைவரையும் மயக்குவது. பாதி வேலையில் நூல் தீர்ந்து, அதே சாயத்தில் வேறு கண்டு கிடையாமற் போதல் இக்கைவினையில் அடிக்கடி நேரும் இடர். கணக்கு எளிது. உட்கயிற்றின் விட்டத்தோடு வரிநூலின் விட்டத்தைக் கூட்டி, 3.14 ஆற் பெருக்கினால் ஒரு சுற்றிற்கு வேண்டிய நூலின் நீளம் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சுற்று அமையுமோ அத்தொகையால் அதனைப் பெருக்குதல் வேண்டும். 6 மில்லிமீட்டர்க் கயிற்றின்மேல் 2 மில்லிமீட்டர் நூலை வரிந்தால், ஒரு சுற்றிற்கு 25 மில்லிமீட்டரும், 5 சுற்றுகள் அமையும் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12.6 சென்டிமீட்டரும் ஆகும். அதே கயிற்றிற்கு 1 மில்லிமீட்டர் நூலைக் கொண்டால் 22 சென்டிமீட்டர் வேண்டும். நூல் மெலிய மெலிய வரி அழகாகும்; நீளமும் உழைப்பும் மிகும். பஞ்சுக் கயிறு அழுத்தத்திற் சிறிது ஒடுங்குமாதலின் உண்மைச் செலவு இக்கணக்கிற் சற்றே குறையுமேயன்றி மிகாது.

தொடங்கும்போது நூலின் முனையை முடிதல் கூடாது. முடிச்சு இட்டவிடம் புடைத்துத் தெரியும். நூலின் முனையை 3 சென்டிமீட்டர் அளவு உட்கயிற்றின்மேல் நீளவாட்டிற் கிடத்தி, அதன்மேலேயே சுற்றிக்கொண்டு செல்லுதல் வேண்டும். சுற்றுகள் தம் அழுத்தத்தால் அம்முனையைப் பற்றிக்கொள்ளும். வலக்கையால் நூலை இழுத்துப் பிடித்து, இடக்கையால் உட்கயிற்றைத் திருப்புக. நூலைக் கயிற்றின் மேலாகச் சுழற்றுவதினும் கயிற்றைச் சுழற்றுவதே இழுப்பு மாறாமல் இருக்கத் துணைசெய்யும். பத்துச் சுற்றிற்கு ஒருமுறை பெருவிரல் நகத்தாற் சுற்றுகளைப் பின்னோக்கித் தள்ளி நெருக்குக. இந்நெருக்குதலைப் புறக்கணித்தவர் வேலை, வளைக்குங்கால் பல்லிளிக்கும்.

முடிக்கும் முறை இரண்டு. நெடிய வேலையாயின், நூல் முனையை ஊசியிற் கோத்து, கடைசிப் பத்துச் சுற்றுகளின் கீழாக உட்கயிற்றை ஒட்டிச் செலுத்தி இழுத்து வெட்டிவிடலாம். குஞ்சத்தின் கழுத்துப் போன்ற குறுகிய வேலையாயின் கண்ணி முறையே சிறந்தது. நூலை முதலில் ஒரு கண்ணியாக மடித்துக் கிடத்தி, அதன்மேற் கண்ணியின் தலையை நோக்கிச் சுற்றிச் சென்று, இறுதி முனையைக் கண்ணியுள் நுழைத்து, வெளியே நிற்கும் தொடக்க முனையை இழுத்தால், கண்ணி இறுதி முனையைத் தன்னோடு சுற்றுகளின் கீழே கொண்டு செல்லும். பாதி தூரம் சென்றவுடன் நிறுத்தி, இருபுறமும் எஞ்சியதை வெட்டிவிடுக. கப்பற்காரர்கள் வடத்தின் முனை பிரியாதிருக்கச் செய்யும் கட்டும் இம்முறையில் ஆவதே.

முடிச்சில்லாத ஒன்று அவிழாமல் நிற்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. உருண்டையான ஒன்றைச் சுற்றிய கயிற்றில், சுற்றுகளின் எண்ணிக்கை கூடக் கூட உராய்வு பெருக்கல் முறையில் மிகும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித அறிஞர் காட்டினார். உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றில் ஒரு முனையைப் பற்றும் விசை 6.6 மடங்கு இழுப்பைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்று சுற்றில் 285 மடங்கு. துறையில் நிற்கும் தோணியைத் தறியில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றின் நுனியை ஒருவன் ஒரு கையாற் பிடித்து நிறுத்துதல் இதனால் இயல்வதே. உள்ளே புதைந்த நூல்முனை அந்த ஒரு கைப்பிடிக்கு நிகரானது. ஆகவே முனை சரியாகப் புதைந்ததாயின் பிறவெல்லாம் தாமே நிற்கும். அது புதையாதாயின் ஆயிரம் சுற்றும் தளரும்.

நிறம் மாற்ற வேண்டியவிடத்துப் பழைய நூலின் முனையையும் புதிய நூலின் முனையையும் ஒருங்கே உட்கயிற்றின்மேற் கிடத்தி, புதியதால் இரண்டையும் மூடிச் செல்க.

வானவில் செய்வதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 10 மில்லிமீட்டர் உட்கயிறும் 1 மில்லிமீட்டர் நூலும் கொண்டால் வரிகயிற்றின் பருமன் 12 மில்லிமீட்டராகும். உள்வில்லின் நடுக்கோட்டு ஆரம் 3 சென்டிமீட்டர் எனின், அதன் வளைவு நீளம் 9.4 சென்டிமீட்டர். அடுத்த வில்லின் ஆரம் 4.2, நீளம் 13.2. மூன்றாவதன் ஆரம் 5.4, நீளம் 17. ஒன்றினும் மற்றொன்று ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் மிகுதலைக் காண்க. வானவில் எத்துணைப் பெரிதாயினும் இப்பருமனுடைய கயிற்றிற்கு இம்மிகை மாறாது; ஆகலின் இதனை ஒருமுறை கணக்கிட்டாற் போதும். ஒவ்வொரு வில்லின் இருகாலிலும் வரியாது விடுதற்கு 5 சென்டிமீட்டர் சேர்த்து உட்கயிற்றை வெட்டுக. இப்பருமனில் ஒரு சென்டிமீட்டருக்கு 34.5 சென்டிமீட்டர் நூல் செல்லுமாதலின், மூன்று வில்லுக்கும் சேர்த்து ஏறத்தாழ 13.7 மீட்டர் வேண்டும். முனைகளுக்கு வேறு சிறிது.

வளைக்கும்போது ஓர் இடர் உண்டு. வில்லின் உட்புறத்தில் சுற்றுகள் நெருங்கும், வெளிப்புறத்தில் விலகும். 3 சென்டிமீட்டர் ஆரத்தில் வெளிப்புறம் ஐந்தில் ஒரு பங்கு நீளுகின்றது, 5.4 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒன்பதில் ஒரு பங்கே நீளும். விலகிய இடைவெளியில் வெள்ளை உட்கயிறு தோன்றி அழகைக் கெடுக்கும். நகத்தால் நெருக்கியிருந்தால் அழுந்திய நூல் விரிந்து அவ்விடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதுவும் போதாத சிறு வளைவுகளுக்கு உட்கயிற்றையே நூலின் நிறத்தில் தோய்த்துக் கொள்ளலாம். வடிவம் நிலைக்க வேண்டின், 1 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள கம்பியொன்றை உட்கயிற்றோடு சேர்த்து வரிக. கம்பியின் இருமுனையையும் பின்னோக்கி மடித்துவிடுதல் மிக இன்றியமையாதது. இன்றேல் நாளடைவில் முனை நூலைக் கிழித்து வெளிப்பட்டுக் கையைக் குத்தும். குழந்தையின் தொட்டிலுக்கு அருகே தொங்கவிடுவனவற்றில் கம்பியையும் நீண்ட கயிற்றையும் அறவே விலக்கி, கைக்கு எட்டாத உயரத்தில் அமைத்தல் கடன்.

மூன்று வில்லையும் ஒன்றனுள் ஒன்று பொருந்த வைத்து, பின்புறத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையலாக ஊசியால் இணைக்க வேண்டும். ஊசி வரிநூலை மட்டும் பற்றினால் நூல் இழுபட்டு விலகும். உட்கயிற்றையும் துளைத்துச் செல்லுதல் வேண்டும். வரியாது விட்ட கால்களின் புரிகளைப் பிரித்துச் சீப்பால் வாரினால் தும்பு விரிந்து மேகம் போல் நிற்கும். நரம்பிற்குக் குற்றமாகக் கூறப்பெற்ற தும்பு இங்கே அணியாயிற்று. வரிவில் என்னும் தொடரை இத்தகைய வானவில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்க்குக் கற்பிப்பின், உரை நீளவேண்டிய தேவை இராது.

குஞ்சம் இதனினும் எளிது. நான்கு விரல் அகலமுள்ள அட்டையில் நூலை 40 சுற்றுச் சுற்றி, மேல்விளிம்பில் ஒரு நூலாற் பிணித்து, கீழ்விளிம்பில் வெட்டினால் 80 இழைகள் தொங்கும். பிணிப்பிலிருந்து ஒரு விரல் கீழே கண்ணி முறையால் எட்டுச் சுற்று வரிந்தால் தலையும் கழுத்தும் அமையும். கடைகளில் விற்கும் மலிவான குஞ்சங்களிற் கழுத்தைப் பசையால் ஒட்டிவிடுகின்றனர். அவை ஈரம் பட்டவுடன் அவிழ்கின்றன.

வட்டம் செய்வதற்கு வரிகயிற்றை நத்தையோடு போற் சுருட்டி, சுற்றுக்குச் சுற்று அடியில் தைத்தல் வேண்டும். பனையீர்க்குப் பெட்டி செய்வோர் வரிதலையும் தைத்தலையும் ஒருங்கே முடிப்பர்: சில சுற்று வரிந்தபின் ஒரு சுற்றை அடுத்துள்ள பழைய வரியினூடும் செலுத்தி இழுப்பர். அம்முறை விரைவானது, வலியது. கயிற்றிற்கும் அதனைக் கொள்ளலாம்.

பிரிமணையை மட்டும் ஈண்டு மீண்டும் எடுத்துக் கூற விரும்புகின்றோம். தட்டையடி கொண்ட எவர்சில்வர்ப் பாத்திரங்கள் வந்தபின் அடுக்களையில் அதற்கு இடமில்லாது போயிற்று. பொருள் போகவே, அதனைச் செய்யும் வினைகளைக் குறித்த சொற்களும் இளையோர் வாயிலிருந்து நழுவுகின்றன. அகராதியில் 'வைக்கோல் வளையம்' என்னும் பொருள் மட்டும் எஞ்சினால், அது திரித்ததா, பின்னியதா, வரிந்ததா என்பதைப் பின்வருவோர் அறிய வழியில்லை. ஆயினும் வேனிற்காலத்தில் குடிநீர்க்கு மண்பானை வாங்கும் வழக்கம் இன்னும் உள்ளது. அப்பானை உருளாதிருக்க வேண்டுமன்றோ? வைக்கோல் கிடையாத நகரத்தார் பருத்த தேங்காய்நார்க் கயிற்றைக் கொள்ளலாம். பானையின் விட்டத்திற் பாதியளவு வாயுள்ள வளையமாக அதனை மூன்று சுற்றுச் சுருட்டி, அதன் இருமுனையையும் நான்கு விரல் அளவு சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்துச் சணல் நூலால் முதலில் அவ்விடத்தை வரிக. பின்னர் அங்கிருந்தே தொடங்கி வளையம் முழுவதையும் சுற்றி வந்து, நூல் முனையைத் தொடங்கிய இடத்துச் சுற்றுகளின் கீழே புதைத்துவிடின், மூட்டு எங்குள்ளது என்பது செய்தவர்க்கும் தெரியாது.